அடிக்குறிப்பில் வரும் அந்த மேசன் யார்?

கேள்வி இதுதான்: "எம்.ஏ.வுக்காக மில்டன் படித்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அடிக்குறிப்பில் 'மேசன்' என்று ஒரு பெயர் வருகிறது. பாதி இடத்தில் அவரை ஆதாரமாகக் காட்டுகிறார்கள், மீதி இடத்தில் அவரைத் திருத்துகிறார்கள். யார் இவர்? இவரைப் படிக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?"

முழுசாகப் படிக்க வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நிம்மதியாக மேலே படியுங்கள். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்டனைப் பற்றி மேசன் எழுதிய வாழ்க்கை வரலாறு ஆறு தடித்த தொகுதிகள். போதாததற்குச் சொல்லடைவுக்கென்றே, அதாவது எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியலுக்கென்றே, ஏழாவதாக ஒன்று. அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். நானும் அந்தக் கணக்கில் சேர மாட்டேன். தேவைப்பட்ட இடங்களை மட்டும் போய்ப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆள் யாரென்று தெரிந்துகொண்டால், அடிக்குறிப்புகளில் அவரோடு மற்றவர்கள் ஏன் ஓயாமல் மல்லுக்கட்டுகிறார்கள் என்பது புரியும்.

டேவிட் மேசன் 1822 டிசம்பர் 2ஆம் தேதி ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள அபர்தீனில் பிறந்தார். ஊர் முழுக்கச் சாம்பல் நிறக் கருங்கல் கட்டடங்கள். அப்பா வில்லியம் மேசன் கல் செதுக்கும் தொழிலாளி. கல்தச்சர் வீட்டுப் பையன் பல்கலைக்கழகம் போவது அன்றைய இங்கிலாந்தில் அபூர்வம். ஸ்காட்லாந்தில் அவ்வளவு அபூர்வம் இல்லை. அபர்தீன் இலக்கணப் பள்ளி, அங்கிருந்து அதே ஊரில் மரிஷல் கல்லூரி என்று படித்தார். பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுத்த ஜேம்ஸ் மெல்வின் என்ற ஆசிரியரைப் பற்றிப் பிற்காலத்தில் நீண்ட கட்டுரையே எழுதினார். ஒரு லத்தீன் வாக்கியத்தில் ஒரு சொல் ஏன் அங்கே நிற்கிறது என்று விடாமல் துருவும் பழக்கத்தை மாணவர்களிடம் ஏற்றிவிட்ட மனிதர் மெல்வின். மேசனின் பிற்கால வேலையைப் பார்த்தால் அந்த வகுப்பறையின் வாசனை அடிக்கும். பின்னாளில் தத்துவ அறிஞராகப் பெயர் பெற்ற அலெக்சாண்டர் பெய்ன் அபர்தீன் காலத்து நண்பர். அவர் நெசவாளி வீட்டுப் பிள்ளை.

பாதிரியாராகும் எண்ணத்தோடு எடின்பரோ போய், தாமஸ் சால்மர்ஸ் என்ற பெரிய இறையியலாளரிடம் படித்தார். அந்தச் சமயத்தில்தான் ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. 1843 மே மாதம் நானூற்றுக்கும் மேற்பட்ட போதகர்கள் சால்மர்ஸ் தலைமையில் அரசுத் திருச்சபையை விட்டு வெளியேறி, சம்பளம், வீடு எல்லாவற்றையும் உதறிவிட்டுச் சுதந்திரத் திருச்சபையைத் தொடங்கினார்கள். ஒரு போதகரை நியமிக்கும் உரிமை ஊர்ச் சபைக்கா, நிலப்பிரபுவுக்கா என்பதுதான் சண்டையின் வேர். இந்தத் தரப்புக்காக அபர்தீனில் நடந்த ஒரு பத்திரிகைக்கு மேசன் ஆசிரியராக இருந்தார். வயது இருபதை ஒட்டித்தான். கடைசியில் அவர் பாதிரியாராகவில்லை. எடின்பரோவில் சேம்பர்ஸ் சகோதரர்களின் பதிப்பகத்தில் சேர்ந்து, பெயர் போடாமல் பாடப் புத்தகங்கள் எழுதினார்.

இந்தத் திருச்சபைக் கதையை இங்கே இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மில்டன் வாழ்ந்த பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பிளந்ததும் கிட்டத்தட்ட இதே வகைக் கேள்விதான்: சபையில் அதிகாரம் யாருக்கு, அரசனுக்கு அதில் என்ன பங்கு. பிறருக்குத் தூசி படிந்த விவகாரம். மேசனுக்கோ தன் இளமையில் நேரில் பார்த்த சண்டை. மில்டன் வரலாற்றில் மதச் சபைகளின் வாக்குவாதங்களை அவர் ஏன் அத்தனை பக்கம் எழுதினார் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

1847இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். எழுத்தாளர் தாமஸ் கார்லைலின் பழக்கம் கிடைத்தது. அது கடைசிவரை தொடர்ந்த நட்பு. இத்தாலிய விடுதலைக்காக நாடு கடந்து லண்டனில் இருந்த மாட்சினிக்கும் நண்பரானார். இத்தாலிக்கு ஆதரவு திரட்டிய சங்கத்துக்குச் செயலாளராகவும் கொஞ்ச காலம் இருந்தார். பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதித்தான் பிழைப்பு. 1850களின் தொடக்கத்தில் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் ஆங்கில இலக்கியப் பேராசிரியர் இடம் காலியானது. கவிஞர் ஆர்தர் ஹியூ கிளஃப் விட்டுப்போன நாற்காலி. அதில் மேசன் அமர்ந்தார்.

1853இல் எமிலி ரோசலின் ஆர்ம் என்பவரை மணந்தார். இந்த ஆர்ம் குடும்பத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், பின்னால் வரும் விஷயத்துக்கு இது முன்கதை. எமிலியின் தங்கை எலைசா ஆர்ம்தான் 1888இல் இங்கிலாந்தில் சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண். எமிலியும் பெண்களின் வாக்குரிமைக்காக வேலை செய்தவர். பெண்கள் படிக்கலாமா என்பதெல்லாம் மேசன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கேள்வியாகவே இருந்திருக்காது.

சரி, மில்டனுக்கு வருவோம்.

முதல் தொகுதி 1859இல் வந்தது. புத்தகத்தின் தலைப்பே ஒரு எச்சரிக்கை மாதிரி இருக்கும்: ஜான் மில்டனின் வாழ்க்கை, அவர் காலத்து அரசியல், திருச்சபை, இலக்கிய வரலாற்றோடு சேர்த்துச் சொல்லப்பட்டது. அந்த 'சேர்த்து' என்ற சொல்லை மேசன் ரொம்ப நேர்மையாக எடுத்துக்கொண்டார். மில்டன் கேம்பிரிட்ஜில் சேர்ந்தால், அன்றைய கேம்பிரிட்ஜில் எத்தனை கல்லூரி, யார் தலைவர், என்ன பாடம் என்று தொடங்கிவிடுவார். மில்டன் முதல் கவிதையை அச்சில் கண்டால், அந்த வருடம் இங்கிலாந்தில் யார் யார் கவிதை எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு கணக்கெடுப்பே நடக்கும். மில்டன் பல பக்கங்களுக்குக் காணாமல் போவார். அப்புறம் நடுவில் எங்கோ தலையைக் காட்டுவார்.

இரண்டாம் தொகுதி வர பன்னிரண்டு வருடம் ஆனது: 1871. மூன்றாவது 1873. நான்காவதும் ஐந்தாவதும் 1877. ஆறாவது 1880. சொல்லடைவு 1894. முப்பத்தாறு வயதில் முதல் தொகுதியை வெளியிட்டவர், சொல்லடைவு வரும்போது எழுபத்தொன்றைத் தாண்டியிருந்தார்.

இந்த வேகத்தைப் பார்த்து அமெரிக்கக் கவிஞர் ஜேம்ஸ் ரசல் லோவல் 1872இல் எழுதிய மதிப்புரை பிரசித்தம். ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பக்கம் செலவழித்தும் மில்டனுக்கு இன்னும் முப்பத்தைந்து வயதுதான் ஆகியிருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இப்படி எழுதுகிறவர்கள் முதல் தொகுதியோடு ஆளுக்கொரு குப்பி சாகா மருந்தும் சேர்த்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாங்கினவன் கடைசித் தொகுதியைப் பார்க்க உயிரோடு இருப்பான் என்று என்ன உத்தரவாதம் என்ற தொனியில் கிண்டல். படித்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். லோவலுக்குக் கிண்டல் செய்ய இன்னொரு தீனியும் இருந்தது: மேசனின் 'இருக்கலாம்'கள். மில்டன் பிறந்தது லண்டன் பிரெட் தெருவில். கவிஞர்கள் கூடிய மெர்மெய்டு விடுதியும் அதே தெருவில்தான். 1614இல் ஷேக்ஸ்பியர் லண்டன் வந்தபோது அந்தப் பக்கம் நடந்திருக்கலாம், வாசலில் விளையாடிய சின்னப் பையன் மில்டனைப் பார்த்திருக்கலாம் என்று மேசன் ஒரு காட்சியைக் கட்டுவார். ஆதாரம் கிடையாது. 'இருக்கலாம்' என்று மேசனே சொல்லிவிடுகிறார்தான். ஆனாலும் கல்லூரிக் கட்டுரையில் யாராவது இதை எழுதினால் நான் சிவப்பு மை போடுவேன்.

ஆனால் லோவலோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. மேசனின் வளவளப்பையும் மேசனின் முறையையும் அவர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார். வளவளப்பு குறைதான், மறுக்கவில்லை. முறை வேறு விஷயம். மேசனுக்கு முன்னால் மில்டன் வாழ்க்கை என்றால் பெரும்பாலும் ஒருவர் சொன்ன கதையை இன்னொருவர் திருப்பிச் சொல்வது. எட்வர்ட் பிலிப்ஸ் மில்டனின் அக்காள் மகன். அவர் 1694இல் எழுதிய சிறு நினைவுக்குறிப்புதான் பல கதைகளுக்கு மூலம். அதன் மேல் சாமுவேல் ஜான்சன் 1779இல் தன் அரசியல் கோபத்தையும் தடவி ஒரு மில்டன் வாழ்க்கையை எழுதினார். ஜான்சன் மன்னராட்சிப் பக்கம். மில்டனோ மன்னர் தலையை வெட்டியது சரி என்று எழுதினவர். நடை அபாரம், நடுநிலை சொற்பம்.

மேசன் என்ன செய்தார்? காகிதத்தைத் தேடிப் போனார். சர்ச் பதிவேடு, பல்கலைக்கழகப் பதிவேடு, புத்தக வணிகர் சங்கத்தின் பதிவுகள், 1649இலிருந்து மில்டன் அயல்மொழிச் செயலாளராக வேலை பார்த்த அரசு மன்றத்தின் உத்தரவுப் புத்தகங்கள். எந்தத் தேதியில் எந்தக் கடிதத்தை லத்தீனில் எழுதச் சொல்லி மில்டனுக்கு உத்தரவு போனது என்பதுவரை வரிசைப்படுத்தினார். தட்டச்சு இல்லை, நகல் எடுக்கும் வசதி இல்லை. எல்லாம் கையால்.

அவர் முறை எப்படி வேலை செய்தது, எங்கே சறுக்கியது என்பதைக் காட்ட ஒரே ஓர் உதாரணம் போதும்: மில்டனின் முதல் கல்யாணம். உங்கள் பாடத்திலும் இது கட்டாயம் வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிலிப்ஸ் சொல்லும் கதை இது. மே, ஜூன் வாக்கில் வரும் பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டி மில்டன் லண்டனை விட்டு வெளியூர் போனார். ஏன் போனார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு மாதம் கழித்துத் திரும்பினார், கல்யாணம் முடித்துக்கொண்டு. பெண் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஃபாரஸ்ட் ஹில் என்ற ஊரைச் சேர்ந்த மேரி பவல், பதினேழு வயது. பெண்ணின் அப்பா மில்டன் குடும்பத்துக்குப் பழைய கடன்காரர், வருடம் 24 பவுன் வட்டி கட்டிக்கொண்டிருந்தவர். வட்டி வாங்கப் போன இடத்தில் பெண் எடுத்துக்கொண்டு வந்தாரா என்பது வம்பு பேசுகிறவர்களுக்கு நல்ல விஷயம். மேரி ஒரு மாதம் போல லண்டனில் இருந்தார். பிறகு பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் செப்டம்பர் கடைசியில் திரும்பியிருக்க வேண்டும், வரவில்லை. ஆள் அனுப்பியும் பயனில்லை. 1645இல்தான் திரும்பினார். இடையில் மில்டன், மனம் ஒத்துப்போகாத கணவன் மனைவி பிரிந்து வேறு திருமணம் செய்துகொள்ள அனுமதிக்க வேண்டும் என்று வாதிட்டு ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஊரே கொந்தளித்தது.

ஆக, பெண்டாட்டி விட்டுப்போன கோபத்தில் மனுஷன் விவாகரத்து பற்றி எழுதினார் என்பது எல்லோருக்கும் வசதியான விளக்கமாக இருந்தது. அங்கேதான் மேசன் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார். லண்டனில் ஜார்ஜ் தாமசன் என்று ஒரு புத்தக வியாபாரி இருந்தார். மன்னரும் பாராளுமன்றமும் மோதிய உள்நாட்டுப் போர்க் காலம் முழுக்க வெளிவந்த துண்டுப் பிரசுரங்கள், சிறுநூல்கள், செய்தித்தாள்கள் என்று இருபதாயிரத்துக்கும் மேல் சேர்த்தவர். சேர்த்ததோடு விடவில்லை, பலவற்றின் மேல் கையால் தேதியும் எழுதி வைத்தார். அந்தத் திரட்டு பின்னாளில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தது. விவாகரத்துச் சிறுநூலின் பிரதியில் தாமசன் எழுதியிருந்த தேதி: 1643 ஆகஸ்ட் 1.

கல்யாணம் 1643 பெந்தெகொஸ்தேவை ஒட்டி நடந்தது என்று மேசன் கொண்டிருந்தார். அப்படியானால் கணக்கைப் பாருங்கள். மே கடைசியில் ஊருக்குப் போகிறார், ஜூன் கடைசியில் பெண்ணோடு வருகிறார், ஜூலை கடைசியில் பெண் போகிறார், ஆகஸ்ட் 1இல் புத்தகம் கடைக்கு வந்துவிட்டது. எழுதி, அச்சுக் கோத்து, தைத்து வெளிவரக் குறைந்தது சில வாரமாவது ஆகும். அப்படியென்றால் புது மனைவி வீட்டில் இருக்கும்போதே, தேனிலவு நாட்களிலேயே, மில்டன் விவாகரத்துக்கு வாதம் எழுதிக்கொண்டிருந்தார்! மேசன் இதைக் கண்டு அதிர்ந்தார். ஆனால் மறைக்கவில்லை. தான் கொண்டாடும் கவிஞரைப் பற்றிய சங்கடமான முடிவை, தேதி அங்கேதான் இழுத்துப் போகிறது என்று எழுதி வைத்தார்.

முடிவு தப்பு. தாமசனின் தேதி சரி, கல்யாண வருடம்தான் சரியில்லை. 1930களின் தொடக்கத்தில் ரைட் என்ற ஆய்வாளர் ஒரு எளிய கேள்வி கேட்டார். 1643 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டு மன்னர் சார்லசின் போர்த் தலைமையகம். லண்டன் பாராளுமன்றத்தின் கோட்டை. நடுவில் இரண்டு தரப்புப் படைகள். பாராளுமன்றத் தரப்புக்கு எழுதும் லண்டன்காரர் ஒருவர் அந்த எல்லையைத் தாண்டிப் போய், மன்னர் தரப்புக் குடும்பத்தில் சாவகாசமாகப் பெண் எடுத்து, சொந்தபந்தம் சூழ லண்டன் திரும்ப முடியுமா? 1642 என்று வைத்தால் எல்லாம் பொருந்துகிறது. கோடையில் கல்யாணம், ஆகஸ்டில் போர் வெடிக்கிறது, பெண் போர்க்கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்கிறாள், சிறுநூல் ஒரு வருடம் கழித்து வருகிறது. இன்று பெரும்பாலோர் ஏற்பது 1642தான்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், மேசனைத் திருத்திய வாதம் மேசனின் முறையிலிருந்தே பிறந்தது. தனி மனிதனின் கதையை அவன் காலத்தின் அரசியலோடு சேர்த்துப் பார் என்றுதானே அவர் பக்கம் பக்கமாக எழுதினார்? இந்த ஓரிடத்தில் அவரே சேர்த்துப் பார்க்கத் தவறினார், இன்னொருவர் பார்த்தார். அடிக்குறிப்புகளில் மேசன் ஒரே சமயத்தில் ஆதாரமாகவும் திருத்தப்படுகிறவராகவும் வருவது இதனால்தான். திருத்துவதற்குத் தேவையான தேதிகளையும் மூலங்களையும் அவரே மேசை மேல் பரப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆங்கிலேய உள்நாட்டுப் போர் என்று நாம் சொல்லிப் பழகிய போரில் ஸ்காட்லாந்துக்கு எவ்வளவு பங்கு என்பது மேசனைப் படித்தால் விளங்கும். ஸ்காட்லாந்துக்காரர்கள் 1643இல் பாராளுமன்றத்தோடு ஒப்பந்தம் போட்டது, வெஸ்ட்மின்ஸ்டர் இறையியல் சபைக்குத் தங்கள் ஆட்களை அனுப்பியது, அதில் வந்த ராபர்ட் பெய்லி ஊருக்கு எழுதிய கடிதங்கள் என்று எல்லாவற்றையும் கதைக்குள் கொண்டுவந்தார். பின்னால் வரலாற்றாசிரியர்கள் 'மூன்று நாடுகளின் போர்' என்று பேசத் தொடங்கியபோது, கல்தச்சர் மகன் அதைப் பாதி செய்துவிட்டுப் போயிருந்தார்.

மற்ற வேலைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1859 நவம்பரில் மாக்மில்லன் பதிப்பகம் ஒரு ஷில்லிங் விலையில் மாத இதழ் தொடங்கியபோது முதல் ஆசிரியர் மேசன். நாவலாசிரியர் தாக்கரேயின் கார்ன்ஹில் இதழ் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே அது வந்துவிட்டது. பிரிட்டிஷ் நாவலாசிரியர்களின் நடை பற்றி ஒரு நூல், பதினெட்டு வயது முடியுமுன் இறந்துபோன கவிஞர் சாட்டர்டன் பற்றி ஒன்று, ஹாதார்ண்டன் டிரமண்ட் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞரைப் பற்றி 1873இல் ஒன்று. கட்டுரையாளர் டி குவின்சியின் எழுத்துகளைப் பதினான்கு தொகுதிகளாகப் பதிப்பித்தது 1889-90இல். டிரமண்ட் நூல் நன்றாக இருக்கும், ஒரே தொகுதி என்பதாலேயே. கையில் அளவு இருந்தால் மேசன் அழகாக எழுதுவார்.

1865இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியரானார். 1762இல் ஹியூ பிளேருக்காக ஏற்படுத்தப்பட்ட நாற்காலி அது. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஆங்கில இலக்கியத்தை ஒரு பாடமாகவே மதிக்காத காலத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் அதைக் கற்பித்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் பேச்சில் ஸ்காட்லாந்து வாடை அடிக்கிறதே என்ற தாழ்வு எண்ணமும் இதற்கு ஒரு காரணம். மேசன் அங்கே முப்பது வருடம், 1895 வரை, பாடம் நடத்தினார். மாணவர்களில் ஒருவர் பின்னாளில் பீட்டர் பேனை உருவாக்கிய ஜே.எம். பாரி. 1889இல் தன் எடின்பரோ ஆசிரியர்களைப் பற்றி எழுதிய சிறு நூலில், கல்லூரிக்குப் போகிறவன் தன் வாழ்க்கையைப் புதிய கோணத்தில் திருப்பிவிடும் ஒருவரையாவது அங்கே சந்திக்காவிட்டால் அது அவன் குற்றம் என்று சொல்லி, மேசனைத்தான் அப்படிப்பட்டவராகக் காட்டுகிறார். மற்றப் பேராசிரியர்களைச் செல்லமாகக் கிள்ளும் பாரி, இவரிடம் வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

ஆனால் என்னைக் கேட்டால், எடின்பரோவில் மேசன் செய்த பெரிய காரியம் பல்கலைக்கழக வகுப்புக்கு வெளியே நடந்தது. 1867இல் மேரி குரூடீலியஸ் என்ற பெண்மணியும் தோழிகளும் பெண்களுக்கான கல்விச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்க்காது. சரி, பேராசிரியரை வெளியே அழைத்து வருவோம் என்று முடிவு செய்தார்கள். பொழுதுபோக்குச் சொற்பொழிவு வேண்டாம், உள்ளே ஆண்களுக்கு என்ன பாடமோ அதே பாடம், அதே தரம், அதே தேர்வு வேண்டும் என்பதில் கறாராக இருந்தார்கள். முதல் வகுப்பை 1868 ஜனவரியில் எடுத்தவர் மேசன். இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அதே இலக்கியப் பாடத்தை அவர்களுக்கும் நடத்தினார், வருடக்கணக்காக.

அடுத்த வருடம் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக் வந்து மருத்துவம் படிக்க இடம் கேட்டார். அவரும் தோழிகளுமாக எழுவர் சேர்க்கப்பட்டார்கள். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பெரிய எதிர்ப்பு. மருத்துவப் பேராசிரியர்களில் செல்வாக்கு மிகுந்த ராபர்ட் கிறிஸ்டிசன் எதிர்த்தரப்பின் தூண். 1870 நவம்பரில் இந்தப் பெண்கள் உடற்கூறியல் தேர்வு எழுதப் போனபோது ஒரு கும்பல் வழிமறித்துச் சேற்றை வாரி எறிந்தது. மேசன் பல்கலைக்கழகக் கூட்டங்களில் இவர்கள் பக்கம் நின்று பேசினார். இலக்கியப் பேராசிரியருக்கு மருத்துவத் துறையில் என்ன வேலை என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். 1873இல் நீதிமன்றத் தீர்ப்பும் பெண்களுக்கு எதிராகப் போனது. எடின்பரோ பெண்களுக்குக் கதவு திறந்தது 1892இல்தான். மறு வருடம் எட்டுப் பெண்கள் பட்டம் பெற்றார்கள். 1868 ஜனவரியிலிருந்து எண்ணினால் கால் நூற்றாண்டு. மில்டன் வரலாறு எழுதின மனிதருக்குக் காத்திருக்கத் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு.

1897இல் ஜார்ஜ் சதுக்கத்தில் பெண் மாணவர்களுக்கு ஒரு விடுதி திறந்து அதற்கு மேசன் பெயர் வைத்தார்கள். முதல் காப்பாளர் பிரான்சிஸ் சிம்சன். அந்த முதல் எட்டுப் பேரில் ஒருவர். பட்டதாரிகள் வாக்களித்துப் பாராளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த பல்கலைக்கழகத் தொகுதியில், பட்டம் பெற்ற பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று பின்னாளில் பிரபுக்கள் சபை வரை வழக்கை எடுத்துப் போனவர்களிலும் அவர் ஒருவர். 1960களில் பல்கலைக்கழக நூலகம் கட்டுவதற்காக அந்த விடுதிக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள்.

பாடம் நடத்திய காலத்திலேயே மேசன் இன்னொரு பெரிய வேலையையும் எடுத்துக்கொண்டார், ஓய்வு பெற்ற பிறகும் அதை விடவில்லை. ஸ்காட்லாந்தின் பழைய அரசவைப் பதிவேடுகளை அச்சிடும் பெரிய திட்டம் ஹில் பர்ட்டன் என்ற வரலாற்றாசிரியரிடமிருந்து இவர் கைக்கு வந்தது. 1880இலிருந்து 1899 வரை தொகுதி தொகுதியாகப் பதிப்பித்தார், ஒவ்வொன்றுக்கும் நீண்ட முன்னுரையோடு. ஆறாம் ஜேம்ஸ் காலத்து ஸ்காட்லாந்தில் யார் யாரைக் கொலை செய்தான், எந்தக் குலத்துக்கும் எந்தக் குலத்துக்கும் பகை, கடற்கொள்ளையன் யார் என்று அத்தனையும் அதில் இருக்கிறது. சமூக வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் அந்தத் தொகுதிகளைப் புரட்டுகிறார்கள். 1893இல் ஸ்காட்லாந்தின் அரச வரலாற்றாசிரியர் என்ற பதவியும் கிடைத்தது. 1907 அக்டோபர் 6ஆம் தேதி, எண்பத்து நான்காம் வயதில் காலமானார். அடக்கம் எடின்பரோவின் கிரேஞ்ச் கல்லறையில்.

குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மகள் ரோசலின் எழுத்தாளர், ஆர்.எல். ஸ்டீவன்சன் வாழ்க்கையை எழுதியவர். மகன் ஆர்ம் மேசன் வேதியியல் பேராசிரியராக மெல்பர்ன் போனார். அவருடைய மகள் எல்சியைக் கைப்பிடித்தவர் மானுடவியலில் பெரிய பெயரான மாலினோவ்ஸ்கி. ஒரு தீவில் போய் உட்கார்ந்து அங்குள்ள பழக்கம் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் சேர்த்து எழுதிய மனிதர், மேசனின் பேத்தி கணவர்! வேண்டுமென்றே அமைந்த பொருத்தம் இல்லைதான், ஆனாலும் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

அப்படியானால் இன்று மேசனை ஏன் யாரும் படிப்பதில்லை? நீளம் ஒரு காரணம். இன்னொன்று, அவர் தேடிய ஆவணங்களையே அமெரிக்க ஆய்வாளர் மில்டன் ஃபிரெஞ்ச் 1949-58இல் ஐந்து தொகுதிகளாகத் தேதி வாரியாக அச்சிட்டுவிட்டார். 1968இல் வில்லியம் ரைலி பார்க்கர் எழுதிய இரண்டு தொகுதி வரலாறும் வந்தது. தேர்வுக்கு உங்களுக்குப் பார்க்கரும் அவருக்குப் பின் வந்தவர்களும் போதும். மூன்றாவது காரணம், மேசனிடம் கவிதையைப் பற்றிய கூர்மை குறைவு. இழந்த சொர்க்கத்தின் ஓசை ஏன் அப்படி ஒலிக்கிறது என்று கேட்டால் அவரிடம் பெரிதாகப் பதில் இருக்காது. அந்தக் கவிதை அச்சான வருடம் லண்டன் எப்படி இருந்தது, நெருப்பும் கொள்ளைநோயும் போன பின் எந்தத் தெரு மிச்சம் என்று கேட்டால் விடிய விடியச் சொல்வார்.

அதனால் நான் சொல்வது இப்படி. எல்லாத் தொகுதிகளும் இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் ஏழாவதை, அந்தச் சொல்லடைவை, இறக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய பெயரை அதில் தேடுங்கள்: தாமசன், பவல், பெய்லி, யாராக இருந்தாலும். அங்கே போட்டிருக்கும் பக்கத்துக்கு நேரே போய்ப் பத்துப் பக்கம் மட்டும் படியுங்கள். மூன்றாம் தொகுதியில் விவாகரத்து விவகாரம் வரும் பகுதியைத் தவறவிடாதீர்கள். ஒன்றில் மட்டும் கவனம்: முதல் தொகுதி 1859இல் ஒரு தடவை, திருத்தி 1881இல் ஒரு தடவை என்று இரண்டு பதிப்பாக வந்திருக்கிறது. பக்க எண்கள் ஒத்துப்போகாது. அடிக்குறிப்பில் எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டுத் திறங்கள், இல்லையென்றால் ஒரு மதியம் முழுக்க வீணாகும்.